காலால் பிறந்தவளின் முதுகு

கால் மேலே போய்விட்டது. இன்னும் இறங்கவில்லை.

பாயில் குப்புறப் படுத்திருந்த சசிகலா தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். முட்டிவரை சுருட்டிய காக்கி பேண்ட். அதற்குக் கீழே கறுத்த பாதம், குதிகாலில் வெடிப்பு. அவளுடைய இடுப்புக்கு நேர்மேலே அது அந்தரத்தில் நின்றது.

"ணா, அந்தக் காலை அப்பிடியே எறக்கு," என்றாள். "என் மேல இல்ல. தரையில."

காலுக்குச் சொந்தக்காரர் தேவராஜன், ஒற்றைக் காலில் நின்றபடியே வாசலைப் பார்த்தார். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வெளியே வண்டி இன்ஜின் அணையாமல் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குள் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய கம்பெனி ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அண்ணே, ஒதைச்சிட்டு சீக்கிரம் வாண்ணே. பஞ்ச் பண்ணணும்," என்று ஒரு குரல் வந்தது.

"இன்னா தங்கச்சி இது," என்றார் தேவராஜன். "ஆளுங்க வண்டில குந்திகினு கீறாங்க. உன் மாமியார்தான வரச் சொன்னாங்க."

மாமியார் சுந்தராம்பாள் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நீ ஒதை தம்பி. அது ஏதாவது சொல்லிகினேதான் கெடக்கும்."

"ஒதைச்சா கத்துவேன்," என்றாள் சசிகலா. "கத்தினா வண்டில கீறவன் எல்லாம் உள்ள வருவான். படுத்துக்கினு இருந்த பொம்பளைய ஒதைச்சான்னு உன் மேலதான் கேஸு."

தேவராஜன் காலை இறக்கினார். தரையில்.

அந்தப் பக்கத்தில் முதுகு பிடித்துக்கொண்டாலோ சுளுக்கினாலோ மூச்சுப்பிடிப்பு வந்தாலோ, மருந்துக்கடைக்குப் போகுமுன் காலால் பிறந்த ஒருவரைத் தேடிப் போவார்கள். தாயின் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வந்தவர்கள் அவர்கள். வலிக்காரர் வாசற்படியோரம் குப்புறப் படுக்க வேண்டும். காலால் பிறந்தவர் இடதுகாலால் இடுப்பில் மூன்று தட்டு தட்டுவார். பேர்தான் உதை. தூங்குகிற பிள்ளையைத் தட்டிக்கொடுப்பது போலத்தான் இருக்கும். காசு வாங்கக் கூடாது. வெற்றிலை பாக்கு வாங்கலாம்.

சசிகலாவும் காலால் பிறந்தவள். ஒரகடம் கூட்டுரோட்டுக்கு உள்ளே தள்ளி, தொழிற்பேட்டைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அந்த ஊருக்குக் கால் என்றால் அவளுடைய இடதுகால்தான். அந்தக் கால்தான் இப்போது வேலை செய்யவில்லை.

பேச்சு வருமுன்பே அவளுக்கு அந்த வேலை வந்துவிட்டது. தூக்கிக்கொண்டுபோய் ஒரு பெரிய மனிதரின் முதுகில் நிற்கவைத்தார்கள். பயத்தில் அங்கேயே மூத்திரம் பெய்துவிட்டாள். அதனால்தான் தனக்கு அவ்வளவு சீக்கிரம் சரியாயிற்று என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டருக்குச் சுளுக்கினாலும் வகுப்பிலிருந்து அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவரை உதைத்துவிட்டு வந்தவளைப் பார்த்து வகுப்பே எழுந்து நின்றது.

பெண் பார்க்க வந்தபோது சுந்தராம்பாள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று ஒன்றும் கேட்கவில்லை. நாற்று நட்டு நட்டு இடுப்பு போனவள் அவள். புடவையைச் சரிசெய்துகொண்டு கூடத்தில் குப்புறப் படுத்தாள். "ஒதைம்மா பாக்கலாம்," என்றாள். மாப்பிள்ளை சிவசங்கர் வெட்கத்தில் காராசேவுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுந்தராம்பாள் எழுந்தாள், இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பினாள், தட்டை மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

நாற்று நட்ட நிலம் பிறகு தொழிற்பேட்டைக்குப் போயிற்று. சிவசங்கர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போனான். சசிகலா கார் சீட் செய்யும் கம்பெனியில் சேர்ந்தாள். கால் கூடவே போயிற்று. உடைமாற்றும் அறையில், லாக்கர்களுக்கு நடுவில், நாப்கின் மெஷினுக்குப் பக்கத்தில், பெண்கள் அட்டைப்பெட்டியை விரித்துக் குப்புறப் படுத்தார்கள். லைன் சூப்பர்வைசர் விஜயராகவன் காஞ்சிபுரத்துக்காரர், டிப்ளமோ படித்தவர், கேன்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து, யாரும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதென்று ஹெல்மெட்டோடு குப்புறப் படுத்தார்.

"ஹெல்மெட்ட கழட்டுங்க சார்," என்றாள் சசிகலா. "தலையில ஒதைக்க மாட்டேன்."

"பரவால்ல, இருக்கட்டும்மா. யாராச்சும் வர்றதுக்குள்ள ஒதை."

அவளுக்கு வலி வந்தது பொங்கல் லீவு முடிந்த வாரத்தில். லைனில் அவள் வேலை இதுதான்: தள்ளுவண்டியின் அடித்தட்டிலிருந்து சீட்டின் இரும்புச் சட்டத்தைக் குனிந்து எடுக்க வேண்டும், இடதுபக்கம் திரும்ப வேண்டும், தாங்கியில் மாட்ட வேண்டும். எடு, திரும்பு, மாட்டு. அன்றைக்கு ஓவர்டைமில் குனிந்திருக்கும்போது ஒரு தும்மல் வந்தது. அவ்வளவுதான். சூத்தாமட்டையிலிருந்து இடதுகால் கட்டைவிரல்வரை யாரோ சூட்டுக்கோலை இழுத்தது போல இருந்தது. சட்டத்தைக் கீழே போடாமல் தாங்கியில் மாட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

ஊரில் வேறு கால் கிடையாது. தன்னைத்தானே உதைத்துக்கொள்ள முடியாது. கம்பெனிக்கு லீவு சொன்னாள், தைலம் தேய்த்தாள், பெல்ட் கட்டினாள். ஒருநாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது எதிர்வீட்டு மரகதம் கேட்டாள். "ஏன்டி, ஒரு கால்ல செருப்பு எங்க?" இடதுகால் செருப்பு எங்கேயோ கழன்று விழுந்திருந்தது. விழுந்தது தெரியாமல் நடந்து வந்திருக்கிறாள்.

அன்று மாலையே சிவசங்கர் அவளைத் தாம்பரத்தில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பார்த்தார். அதைவிட அதிக நேரம் கட்டைவிரலைப் பார்த்தார். "மேல தூக்குங்க" என்றார். தூக்கினாள். தன் ஒரு விரலை அதன்மேல் வைத்து அழுத்தினார். கட்டைவிரல் தாழ்ப்பாள் போல விழுந்தது.

"நாலாவது எலும்புக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துது," என்றார். "வலி மட்டும்னா நான் ஆபரேஷன் பேச்சையே எடுக்க மாட்டேன். பெரும்பாலும் தானா அடங்கிடும். விரல்ல பலம் கொறைஞ்சிருக்கு, அதான் யோசனை. இன்னும் முழுசா போகல. ஆறு வாரம் பாக்கலாம். அதுக்குள்ள விரல் இன்னும் பலம் போச்சு, பாதம் தொங்குது, ஒன்னுக்குப் போறது தெரியல, உக்கார்ற இடம் மரத்துப் போச்சுன்னா ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. ஓடி வந்துடணும். இல்லன்னா ஆறு வாரம் கழிச்சு வாங்க. விரல் மேல வந்திருந்தா சந்தோஷம். வரலன்னா ஆபரேஷனைப் பத்திப் பேசணும்."

ஆக எல்லாம் ஒரு கட்டைவிரலில் வந்து நின்றது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களை லைனில் திரும்ப எடுப்பதில்லை என்று உடைமாற்றும் அறையில் ஒரு பேச்சு உண்டு. உண்மையா என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால் பயம் கூடத்தான் இருந்தது. சசிகலாவுக்கு அந்த லைன் வேண்டும். அங்கேதான் அவள் தன் பேரில் சம்பளம் வாங்கினாள், சத்தமாகச் சிரித்தாள்.

டாக்டர் அனுப்பிய இடம் படப்பையில், ஒரு பேக்கரிக்கு மேலே. பிசியோதெரபிஸ்ட் முத்துச்செல்வி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். சசிகலா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறி, மூச்சு வாங்க, முதல் வார்த்தையாகக் கேட்டாள். "முதுகு வலிக்காரிக்கு மாடியில வைத்தியமா?"

"கீழ வாடகை சாஸ்திக்கா," என்றாள் முத்துச்செல்வி. "ஏறி வாரவிய பாதி சரியாயிருவாவ. பெல்ட்டக் கழத்திட்டு குப்புறப் படுங்க."

குப்புற. சசிகலாவுக்கு அந்த வார்த்தை பிடித்திருந்தது. அடுத்தவரை எத்தனையோ தடவை படுக்கவைத்திருக்கிறாள். தான் படுப்பது இதுதான் முதல்முறை.

"நோவு இடுப்புலதான். கட்டைவெரலு ஏன் தூக்க மாட்டேங்குது?" என்று படுத்தபடியே கேட்டாள்.

முத்துச்செல்வி நரம்பு, பிதுக்கம், அழுத்தம் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். பாதியில் சசிகலா தலையைத் தூக்கினாள்.

"இரு இரு. எங்க சீட்டுக்கு அடியில ஒரு ஒயர் போவும். சீட்டு முன்ன பின்ன நவுர்ற கம்பில அது மாட்டி நசுங்கிச்சின்னா, டேஷ்போர்டுல பெல்ட் போடலன்னு வெளக்கு எரியும். பெல்ட் நல்லாத்தான் கீது. வெளக்கும் நல்லாத்தான் கீது. கோளாறு சீட்டுக்கு அடியில."

"அதேதான்க்கா."

"அப்ப கட்டைவெரலு வெளக்கு."

"ஆமா. வெளக்கத் தேய்ச்சுக்கிட்டு இருந்தா சரியாகாது."

தைலம் தேய்த்த காலமெல்லாம் சசிகலாவின் கண்முன் வந்துபோனது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு பரபரப்பு. வலி என்பது கடவுள் கொடுத்தது, கண் பட்டது என்று எத்தனையோ கேட்டிருக்கிறாள். ஒயர் என்று யாரும் சொன்னதில்லை. ஒயர் அவளுக்குத் தெரிந்த சரக்கு.

"ஆனா ஒயரு ஒருதடவ நசுங்கிச்சின்னா மாத்தத்தான் வேணும்," என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"அது கம்பெனி ஒயரு. இது வேற. பிதுங்கி வெளிய வந்தத ஒடம்பே கொஞ்சங்கொஞ்சமா தின்னுரும்க்கா. நெறையப் பேருக்கு அப்படித்தான் சுருங்குது. அதுவரைக்கும் அழுத்தத்தைக் கொறைக்கணும், நடக்கணும், பயந்து படுத்தே கெடக்கக் கூடாது. இப்பம் கையை ஊனி நெஞ்ச மட்டும் தூக்குங்க. இடுப்பு கட்டில்லயே கெடக்கட்டும்."

சசிகலா கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கினாள். இறக்கினாள். தூக்கினாள். சட்டென்று நின்றாள்.

"என்னக்கா, வலிக்கா?"

"இல்ல. நான் ஒதைச்சவங்க எல்லாம் இப்பிடித்தான் எழுந்தாங்க."

உதையின் கதையை முத்துச்செல்வி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ஹெல்மெட் வந்த இடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு யோசித்துச் சொன்னாள். "கொஞ்சப் பேருக்கு அதுனாலயும் சொகம் கெடைச்சிருக்கலாம். நெறையப் பேருக்கு ஒண்ணுமே செய்யாட்டாலும் சரியாயிருக்கும். முதுகு அப்பிடித்தான். ஆனா ஒண்ணு, இந்த அசைவு எல்லாருக்கும் ஒத்துக்காது. சிலருக்குக் குனிஞ்சாத்தான் சொகம். ஒங்களுக்கு இது ஒத்துவருதான்னு வலியே சொல்லும். கால்ல இருக்க வலி மேல ஏறி இடுப்புக்கு வந்தா நல்லது. இடுப்பு முன்னவிட வலிச்சாலும் பயப்படாண்டாம். கீழ எறங்குச்சுன்னா நிறுத்திட்டு எனக்கு போன் போடுங்க."

மேலே ஏறினால் நல்லது. சசிகலா மாடிப்படி இறங்கும்போது அதையே சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் வேறு பேச்சில்லை. காலையில் குப்புறப் படுத்துச் செய்தாள், மதியம் செய்தாள், மாலையில் ஏரிக்கரைவரை நடந்தாள். சிவசங்கர் டீ பிரேக்கில் கூப்பிடுவான். "இப்ப எங்க கீது?"

"கணுக்கால்ல."

மறுபடி சாப்பாட்டு நேரத்தில். "எங்க கீது?"

"கெண்டச்சதைல. மேல வருது."

பின்னால் ஃபோர்க்லிஃப்ட் ஆட்கள் கேட்பது அவளுக்குக் கேட்கும். "அண்ணி வலி எங்க வந்துருக்குதாம்?" லைனில் இருந்த பெண்கள் வாட்ஸாப் குழுவில் தினமும் கேட்டார்கள். முட்டி தாண்டிய அன்று பட்டாசுப் படமாக வந்து குவிந்தது. விஜயராகவன்கூட ஒரு கட்டைவிரல் படம் போட்டார். அது வாழ்த்தா, விசாரணையா என்று யாருக்கும் புரியவில்லை.

தொடைக்கு வந்தது. ஒருநாள் காலை, காலில் வலியே இல்லை. இடுப்பு மட்டும் கடுமையாக வலித்தது. சசிகலா பாயில் உட்கார்ந்து கையைத் தட்டினாள். "அத்தை, இடுப்புக்கு வந்துடுச்சு."

சுந்தராம்பாளின் முகம் வெளுத்தது. அவளுக்குத் தெரிந்த கணக்கு வேறு. காலில் பிடிப்பது வாயு. வாயு காலோடு கிடந்தால் பாதகமில்லை. மேலே ஏறினால், இடுப்பைத் தாண்டி நெஞ்சுக்கு வந்தால், ஆள் காலி. அவளுடைய சொந்தத் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவன். மருமகள் தினமும் வாயுவை ஒவ்வொரு படியாக நெஞ்சுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள், மகன் அதைப் போனில் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தான். எத்தனை நாள்தான் ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்க முடியும்? மரகதத்திடம் விசாரித்தாள். படப்பை வண்டிக்காரர் ஒருவர் காலால் பிறந்தவர் என்று தெரிந்தது. மகன் ஷிஃப்டுக்குப் போய், மருமகள் பயிற்சிக்குக் குப்புறப் படுத்த நேரம் பார்த்து வரவழைத்தாள்.

தேவராஜன் இப்போது இரண்டு காலிலும் நின்றார். தயக்கமாகத்தான் இருந்தது அவருக்கு. "எனக்கும் ஒரு மாதிரிதான் கீது தங்கச்சி. நாம ரெண்டு பேரும் ஒரே தொழில். டாக்டருக்கு டாக்டரு ஊசி போடற மாதிரி."

"ஊசி போட்டாலும் பரவால்லணா. இது ஒயரு நசுங்கிக் கெடக்கற எடம். அதுமேல ஒதைக்கக் கூடாது."

"வாயு மேல ஏறுதுன்னு அம்மா சொன்னாங்க. நெஞ்சுக்கு வந்தா தப்பாச்சே."

"ணா, ஒண்ணு கேக்கறேன். நீ ஒதைச்சவன்லாம் எப்பிடி எழுந்தான்?"

"எப்பிடி எழுந்தான்னா?"

"குப்புறக் கெடக்கறான். ஒதைச்சிட்ட. அப்புறம்?"

தேவராஜன் யோசித்தார். கையைக் காற்றில் ஊன்றிப் பார்த்தார். "இப்பிடிக் கையை ஊனி. மெதுவா. பாதி எழுந்து, இடுப்பு வலிக்குதான்னு பாத்துட்டு, மறுபடி படுப்பான். மறுபடி எழுவான்."

"படுத்துக் காட்டு."

"நானா?"

"வண்டி ஓட்டற இடுப்புதான. உனக்கு இல்லாமயா இருக்கும்."

தேவராஜன் வாசலைப் பார்த்தார், சுந்தராம்பாளைப் பார்த்தார். காக்கிச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துவைத்துவிட்டு, பாயில் குப்புறப் படுத்தார். கையை ஊன்றினார். சசிகலா பக்கத்தில் தரையில் படுத்து அதையே செய்தாள். காலால் பிறந்த இருவரும் ஓணான் போல நெஞ்சைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள். ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் இறங்கி வந்து வாசலில் எட்டிப் பார்த்தார்கள்.

"டேய், அண்ணன இன்னாவோ பண்றாங்கடா."

"தே, நல்லாத்தான்டா கீது," என்றார் தேவராஜன் பாயிலிருந்து. பிறகு நெஞ்சைத் தூக்கியபடியே அவளைப் பார்த்தார். "அப்ப என் காலுக்கு வேலையே இல்லியா?"

"இருக்குதுணா. சும்மா படுன்னா எவன் படுப்பான்? படுக்க வைக்க ஒரு சாக்கு வேணும்ல."

அதில் தேவராஜனுக்குப் பாதி சமாதானம். வெற்றிலை பாக்கை எடுத்துக்கொள்ளாமல் போனார். அவருடைய ஆட்கள் அன்றைக்கு எல்லோரும் தாமதம்.

சுந்தராம்பாளுக்கு ஒரு சமாதானமும் இல்லை. "நெஞ்சுக்கு வராதுன்னு அந்தப் பொண்ணச் சொல்லச் சொல்லு," என்றாள்.  "நீ போய்ட்டா எனக்கு யாருடி கீறா?"

சசிகலா அப்போதுதான் மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். முத்துச்செல்விக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அத்தை, நல்லாக் கேளுங்க," என்றாள் முத்துச்செல்வி. "அந்த நரம்பு இடுப்புல தொடங்கிக் காலுக்குப் போகுது. வலி வந்த வழியே திரும்புது. இடுப்போட ரோடு முடிஞ்சிரும். அங்கருந்து நெஞ்சுக்கு ரோடு கெடையாது."

"ரோடே இல்லியா?"

"இல்லத்தை."

ரோடு இல்லாவிட்டால் வண்டி போகாது. சுந்தராம்பாளுக்கு அது விளங்கியது. உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆனா விரல விட்ராதிய," என்றாள் முத்துச்செல்வி. "வலி போறது ஒண்ணு. பலம் வாறது வேற. டாக்டர் விரலத்தான் பாப்பாரு."

கட்டைவிரலைப் பற்றி வீட்டில் இரண்டு தகவல்கள் இருந்தன. தினமும் மாலையில் சிவசங்கர் அவள் காலடியில் உட்கார்ந்து, விரலை மேலே தூக்கச் சொல்லி, தன் விரலால் அழுத்திப் பார்ப்பான். கட்டைவிரல் அசையாமல் நிற்கும். "சூப்பர். கல்லு மாதிரி கீது," என்பான். அவன் எழுந்து போனதும் சுந்தராம்பாள் வந்து உட்கார்ந்து அழுத்துவாள். நாற்று நட்ட விரல் அது. கட்டைவிரல் விழுந்துவிடும்.

"உன் புருஷன் பூவ அழுத்தற மாதிரி அழுத்துறான்," என்பாள். "அத நம்பாத."

சசிகலா யாரை நம்புவது? அவன் பொய் சொல்லவில்லை, மனது கேட்காமல் மெல்ல அழுத்துகிறான். இவளும் பொய் சொல்லவில்லை, பயத்தில் பலமாக அழுத்துகிறாள். டாக்டரின் விரல் இந்த இரண்டில் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. வாசற்கதவின் அடியில் விரலை மாட்டித் தூக்கிப் பழகினாள். குதிகாலால் நடந்து பழகினாள். இடதுகால் முன்பாதம் முதலில் பொத்தென்று விழுந்தது, நாள் போகப்போகக் கொஞ்சம் தாமதித்து விழுந்தது.

ஆறு வாரம் முடிந்த புதன்கிழமை மூன்று பேரும் தாம்பரம் போனார்கள். சுந்தராம்பாளை யாரும் கூப்பிடவில்லை. அவளே புடவை மாற்றிக்கொண்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். காத்திருக்கும் இடத்தில் சசிகலாவால் உட்கார முடியவில்லை. வலியால் அல்ல. செருப்புக்குள் கட்டைவிரலைத் தூக்கி இறக்கிக்கொண்டே நடந்தாள். சிவசங்கர் அவள் பின்னாலேயே நடந்தான்.

"உண்மைய சொல்லுங்க," என்றாள் அவனிடம். "நீங்க அழுத்தித்தான பாத்தீங்க?"

அவன் அவளுடைய இடதுகால் செருப்பைப் பார்த்தான். "அழுத்தினேன்," என்றான். "விழுந்துடுமோன்னு பயம் இருந்துச்சு."

பெயர் கூப்பிட்டார்கள்.

டாக்டர் காலைத் தூக்கிப் பார்த்தார், சுத்தியலால் தட்டினார், ஊசிமுனையால் தொட்டு எங்கே தெரிகிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் செய்தார். விரலுக்கு மட்டும் வரவில்லை.  கடைசியில் வலதுகால் கட்டைவிரலைத் தூக்கச் சொல்லி அழுத்தினார். அது நல்ல கால், நின்றது. இடதுகாலுக்கு வந்தார்.

"தூக்குங்க."

தூக்கினாள். விரல் மேலே வந்தது. அவர் தன் விரலை வைத்தார். அழுத்தினார். நின்றது.

"இன்னும் நல்லா அழுத்துங்க டாக்டர்," என்றாள் சுந்தராம்பாள்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். சிவசங்கர் கூரையைப் பார்த்தான்.

"தயங்காதீங்க. இன்னும் அழுத்துங்க."

டாக்டர் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அழுத்தினார். கட்டைவிரல் நடுங்கியது. சசிகலாவின் கணைக்கால் எலும்போரம் ஒரு தசை புடைத்தது. அது அங்கே இருப்பதே அவளுக்கு இதுவரை தெரியாது. விரல் கொஞ்சம் இறங்கியது. நின்றது. அவர் அழுத்திக்கொண்டே இருந்தார். அது நின்றுகொண்டே இருந்தது.

டாக்டர் விரலை எடுத்தார். "முழுசா வரல," என்றார். "ஆனா வந்துக்கிட்டு இருக்கு. நல்லா வந்துக்கிட்டு இருக்கு. ஆபரேஷன் தேவையில்ல."

 மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சிவசங்கர் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். "எதுக்கு? படத்துல பிதுக்கம் இன்னும் கொஞ்சம் இருந்தாலும் இருக்கும். நான் படத்துக்கு வைத்தியம் பாக்கல," என்றார் டாக்டர். சுந்தராம்பாள் நெஞ்சுக்கு ரோடு இல்லை என்பது உண்மைதானா என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் உண்மைதான் என்றார். சசிகலா லைனுக்குப் போகலாமா என்று கேட்டாள்.

"போகலாம். கொஞ்ச நாளைக்குக் குனிஞ்சு தூக்கக் கூடாது, தூக்கிக்கிட்டே திரும்பக் கூடாது. எழுதித் தரேன். பயிற்சிய விடாதீங்க. திரும்ப வராதுன்னு சொல்ல மாட்டேன். வந்தா என்ன செய்யணும்னு இப்ப உங்களுக்குத் தெரியும்."

வெளியே வந்ததும் அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் குதிகாலால் நடந்தாள். டக், டக், டக். இடதுபாதம் விழவில்லை. நாற்காலிகளில் இருந்த முதுகுவலிக்காரர்கள் வரிசையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். "சசி, போதும், பாக்கறாங்க," என்று சொல்லிக்கொண்டே சிவசங்கர் அதைப் போனில் வீடியோ எடுத்தான். பஸ்ஸில் ஏறுமுன்பே குழுவில் போட்டாகிவிட்டது. வண்டலூர் தாண்டுவதற்குள் போன் அதிர்ந்து அதிர்ந்து சூடேறியது. முத்துச்செல்வி கூப்பிட்டு, "நான் பாத்துட்டேன்க்கா, மூணுதரம் பாத்துட்டேன்," என்றாள். பின்னால் யாரோ ஒரு நோயாளி முனகிக்கொண்டிருந்தார். விஜயராகவன் குரல் பதிவு அனுப்பினார். டாக்டர் எழுதிய தாளைக் கொண்டுவரச் சொன்னார், தள்ளுவண்டி விஷயம் பேசிவிட்டதாகச் சொன்னார்.

சுந்தராம்பாள் ஜன்னலோரம் உட்கார்ந்து வழிநெடுக எல்லோரிடமும், தெரியாதவர்களிடமும், டாக்டர் எப்படி அழுத்தினார் என்று தன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு வந்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. குழாயில் தண்ணீர் வந்தது. சுந்தராம்பாள் பிடித்தாள். சசிகலா பயிற்சிகளைச் செய்தாள், இட்லி சாப்பிட்டாள், கம்பெனி பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்து போனாள். டாக்டரின் தாளை ஹெச்.ஆரில் கொடுத்தாள். தள்ளுவண்டியில் சட்டங்களை இடுப்பு உயரத் தட்டில் அடுக்கியிருந்தார்கள். சட்டம் எடுக்கும் வேலையை அவளுக்குக் கொடுக்கவில்லை. முடிந்த சீட்டுகளில் தையல் சரிபார்க்கும் இடத்தில் நிறுத்தினார்கள். இரண்டு சீட்டுகளைத் திருப்பி அனுப்பினாள். மதியம் சாம்பார் சாதம். மாலை ஷிஃப்ட் முடியும் நேரம் இடுப்பு கொஞ்சம் வலித்தது, காலில் இல்லை. பஸ் ஒரகடம் கூட்டுரோட்டில் நெரிசலில் நின்றது. வீட்டுக்கு வர நேரமாயிற்று.